தலைக்கவசம் என்று வாசித்த தாள்

அம்பாசமுத்திரம்
கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பெருமாள்ராஜுக்கு,

உன் அப்பா பரமசிவன் சொந்தக் கையால் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். திருப்பூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழைக்கு வேன் ஒழுகாமல் இருக்கிறதா?

இது யார் எழுத்து என்று நீ திகைத்திருப்பாய். என்னுடையதுதான். செவ்வாய்க்கிழமை தொடங்கினேன், இன்று வெள்ளி. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. சந்தேகம் வந்தால் பழைய தினசரியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துக்கொள்கிறேன். மனதில் இருந்த சொல் தாளில் வந்து உட்காருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. உன் அம்மா, "தனியா இருந்து என்னத்துக்குச் சிரிக்கிய" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

பிசான நெல் நடவு முடிந்துவிட்டது. கால்வாயில் தண்ணீருக்குக் குறைவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுதப் படிக்க வகுப்பு. பதினான்கு பேர் படிக்கிறோம். நடத்துகிற ரீபா டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும்.

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஒருவர் வந்தார். உன் பெயருக்கு ஒரு தாள் வைத்திருந்தார். நீ ஊரில் இல்லை என்றேன். தகப்பனார் வாங்கிக்கொள்ளலாம் என்று மை டப்பாவை நீட்டினார். நான் பேனா கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடிப்பதற்குள், "பைய எழுதும் வே, கோர்ட்டு எங்கயும் ஓடிராது" என்றார். கோர்ட்டு என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. முதல் கையெழுத்துப் போட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் வகுப்புக்கு எல்லாரும் வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்து வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ரேஷன் அட்டையும் பஸ் டிக்கெட்டும் கொண்டு வந்தார்கள். நான் உன் தாளைக் கொண்டு போனேன். என் மகன் பெயர் அச்சில் இருக்கிறதே, அந்தப் பெருமை எனக்கு. எழுந்து நின்றதும் கூடப் படிக்கிற ஆசியா உம்மாள், "அண்ணாச்சி நிக்க நிலயப் பாருங்க, புது மாப்பிள கணக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் பெயரைச் சத்தமாக வாசித்தேன். என் பெயரை வாசித்தேன். பிறகு, மது, அருந்திய, நிலையில், வாகனம், ஓட்டியதாக. ஒவ்வொரு சொல்லையும் கூட்டிக் கூட்டி வாசித்ததால், கடைசிச் சொல் வந்த பிறகுதான் பொருள் எனக்குப் பிடிபட்டது. அதற்குள் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. ஆசியா உம்மாள்தான், "போதும் அண்ணாச்சி, மீதிய வீட்ல போய்ப் படியும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

சித்திரையில் பாளையங்கோட்டை ஸ்டேஷனில் உன்னைப் பிடித்து வைத்தபோது, பைக் என் பெயரில் இருப்பதால் என்னை வரச் சொன்னார்கள். ஒரு தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று உன்னிடம் கேட்டேன். தலைக்கவசம் போடாத கேஸ் என்று வாசித்தாய். நான், "ஒரு தொப்பிக்கா எம் பிள்ளய ராத்திரி வர இருத்தி வச்சிருக்கிய" என்று அங்கே சத்தம் போட்டேன். எழுத்தர் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். "கூட்டிட்டுப் போம்" என்று மட்டும் சொன்னார். மறுநாளே கடைக்குப் போய் என் தலையில் அளவு பார்த்து உனக்கு ஒரு சிவப்புத் தலைக்கவசம் வாங்கி வந்தேன். நீ அதை வாங்கி ஆணியில் மாட்டினாய். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைக்கிறாள்.

வகுப்பில் வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். வாசிக்காமல் இருக்க முடியவில்லை. வக்கீல் குமாஸ்தா ஞானசிகாமணி அண்ணாச்சியிடம் தாளைக் காட்டினேன். ரத்தத்தில் சாராய அளவு முப்பது வரைக்கும்தான் விடுவார்களாம். உனக்கு நூற்றிருபத்தேழு. போய் ஒத்துக்கொண்டால் முதல் தடவை என்பதால் அபராதத்தோடு முடியலாம், ஆனால் ஆறு மாதம் வரை ஜெயில் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். போகாவிட்டால் பிடிவாரண்டு. இன்னொரு தடவை மாட்டினால் இரண்டு வருடம் வரை. லைசென்சையும் நிறுத்தி வைப்பார்களாம்.

மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு தடவ இந்தக் கேஸ்ல மாட்டினவன பள்ளிக்கூட வண்டில வைக்கக் கூடாது வே. மொதலாளிக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு என்ன தெரியும்?

மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். மூன்று முறையும், "வண்டி ஓட்டுதேன்பா, பொறவு பேசுதேன்" என்றாய். உன் பின்னால் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து அந்தப் பாட்டு என் காதைவிட்டுப் போகவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை இங்கே எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும்.

நானும் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அன்று வகுப்பு விட்டு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, தாளில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். விரலை வைத்து வரி வரியாகக் காட்டி, தலைக்கவசம் என்று வாசித்தேன். நீ வாசித்த மாதிரியே. எனக்கு எழுத்து வந்து நான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய முதல் தாள் அது. அன்றைக்கு உனக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால்தான் கோபமாக எழுத வரவில்லை.

டிசம்பர் பத்து, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டும். அதற்கு முன் உன் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி வேன் சாவியைக் கொடுத்துவிடு. அவர் திட்டினால் வாங்கிக்கொள். வேலை போனால் போகட்டும். இங்கே களையெடுப்பு வருகிறது. என் சைக்கிளை எடுத்துக்கொள். கோர்ட்டுக்கு நானும் வருகிறேன். உள்ளே விடாவிட்டால் வெளியே மரத்தடியில் இருக்கிறேன்.

இன்னொரு செய்தி. உன் அம்மாவும் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். டீச்சர் அகர வரிசையில் போகாமல் ஒரு நாளைக்கு ஓர் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். இவள் என்னைவிடச் சூட்டிகை. அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "எம் பிள்ள பேர நான்தான் மொதல்ல வாசிப்பேன், நீங்க தொடாதிய" என்கிறாள். பெயரோடு நிறுத்துகிறவள் இல்லை அவள். நேற்று 'த' முடிந்தது, தலைக்கவசத்துக்கு முதல் எழுத்து.

அவள் வாசிப்பதற்குள் வந்துவிடு, ஐயா. வந்து உன் வாயால் சொல்லு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் பொய்யைச் சொல்லிக்கொள்கிறேன். சொரிமுத்தையன் உன்னையும், உன் பின்னால் பாடுகிற அந்தப் பிள்ளைகளையும், நீ வந்து சேருகிறவரை காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பரமசிவன்