முப்பத்தேழு சரியான விடைகள்

வெள்ளவத்தை
12.08.2025

திருமதி றஞ்சிதம் அவர்களுக்கு,

மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் மகள் தாரிகாவுக்கு இணையவழியில் இணைந்த கணிதம் படிப்பித்த தனஞ்சயன் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். ஆகவே தபாலில் வருகிறேன். முகவரி பாடக்குறிப்பு அனுப்பும் பட்டியலில் இருந்தது.

'பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்தினார்' என்று எழுதிக் கொடுத்தீர்கள். இணையவழிக் கல்வி நிலையத்தை நடத்தும் ஜவாத் ஒரே தொலைபேசி அழைப்பில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். இருபத்துநான்கு வருடம் பாடசாலையில் படிப்பித்தவன் நான். அங்கே எனக்கு வரவேண்டிய அதிபர் பதவி என்னிடமே படித்த ஒருவனுக்குப் போனது. அதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

நான் செய்த குற்றம் என்ன? வியாழன்தோறும் வகுப்பு முடிவில் ஐந்து சிறு கேள்விகள். 'புள்ளி போடவேண்டாம், பிள்ளைகளுக்கு எது விளங்கவில்லை என்று நீங்கள் அறிந்தால் சரி' என்று என்னிடம் சொன்னார் ஜவாத். புள்ளி இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை செய்யும்? நான் புள்ளி போட்டேன், யார் எத்தனையாம் இடம் என்று நிலையும் போட்டுப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் ஐந்துக்கு ஐந்து. உங்கள் மகள் ஒன்று. சில வாரம் இரண்டு. உள்ளதைச் சொன்னேன். அது அவமானமா?

முப்பத்தெட்டுக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் கதைப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. "கேட்குதா பிள்ளையள்?" என்றால் ஒரு சத்தமும் வராது. அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு எனக்கிருந்த ஒரே அத்தாட்சி அந்த ஐந்து கேள்விகள்தான். மனைவியும் மகனும் கனடா போய் ஒன்பது வருடம். வியாழன் மாலை ஆறு மணிக்கு இப்போதும் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ச. தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
21.08.2025

மதிப்பிற்குரிய சேர்,

கடிதம் கிடைத்தது. சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்கிறேன். முறைப்பாடு எழுதிப் பழகிய கை. நான் நினைத்ததைவிடக் கடுமையாகப் போயிருக்கலாம். நிலைப் பட்டியலை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டேன். உங்களை நிறுத்தச் சொல்லவில்லை.

மே எட்டாந் திகதி நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தாரிகா, நாலாவது கேள்விக்கு என்ன எழுதி வைச்சிருக்கிறீர்? இது கணிதம் பிள்ளை, லொத்தர்ச் சீட்டு இல்லை. முப்பத்தேழு பேருக்கு விளங்கினது உமக்கு மட்டும் ஏன் விளங்கேல்லை?" யாரோ ஒரு பெடியன் மைக்கை மூடாமல் சிரித்தான். இவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். பிறகு உங்கள் வகுப்புக்குத் திறக்கவேயில்லை.

நானும் அன்று ஏசினேன். "மற்றவையிட்டக் கேட்டு எழுதியிருக்கலாமேடி."

"எனக்கு விளங்கேல்லை எண்டு சேருக்குத் தெரிஞ்சால்தானே அம்மா, திருப்பிச் சொல்லித் தருவார்?" என்றாள்.

அந்த முப்பத்தேழு பேரைப் பற்றியும் சொல்கிறேன். முதலில் முடிப்பவருக்குச் சரியான விடைகள் திரையில் தெரியும். அதைப் படம்பிடித்துத் தங்களுடைய தனிக் குழுவில் போடுவார்கள். மற்றவர்கள் பார்த்து அந்த விடையையே குத்துவார்கள். நிலை பெற்றோருக்குப் போகிறதே, வேறு என்ன செய்வார்கள்? உங்களைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

நவம்பரில் உயர்தரப் பரீட்சை. கணிதத் தாளுக்குப் போகமாட்டேன் என்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பொறியியலாளராக வேண்டும் என்று சொன்ன பிள்ளை. எனக்கு அதுதான் கவலை சேர். உங்கள் வேலையைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரமில்லை. மன்னிக்கவும்.

இங்ஙனம்,
றஞ்சிதம்


வெள்ளவத்தை
30.08.2025

திருமதி றஞ்சிதம் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது பொய் என்று காட்டத்தான் பழைய விடைகளைத் திறந்தேன். நிலையம் என் இணையக் கணக்கை இன்னும் மூடவில்லை. அதையாவது செய்திருக்கலாம்.

மே எட்டு, நாலாவது கேள்வி. ஒரு சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள் என்று கேட்டிருந்தேன். சரியான விடை என்று 'இரண்டு' எனக் குறித்து வைத்திருந்தேன். அது பிழை. இரண்டு எண்கள் வரும். கேள்வியில் போட்டுப் பார்த்தால் ஒன்றுதான் நிற்கும். அவசரத்தில் நான் போட்டுப் பார்க்கவில்லை.

முப்பத்தேழு பேரும் என் பிழையை அப்படியே எழுதியிருக்கிறார்கள். தாரிகா மட்டும் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறாள். அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த விடையைத்தான் லொத்தர் என்றேன்.

பிறகு அவளுடைய ஒன்பது வார விடைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவள் எல்லாவற்றிலும் பலவீனம் இல்லை. ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகிறாள். எது பெரிது எது சிறிது என்று காட்டும் சமனிலிகளில், பின்னத்தின் கீழே பகுதியில் x நிற்கும்போது, அது பூச்சியத்துக்குக் குறைந்த மறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதை மறந்து இருபக்கமும் அதனால் பெருக்கிவிடுகிறாள். அவ்வளவுதான். முதல் வாரமே நான் பார்த்திருந்தால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு வியாழனும் அந்தப் பிள்ளை எனக்கு அதைக் காட்டியிருக்கிறாள். நான் புள்ளியைக் கூட்டிவிட்டு மூடிவிட்டேன்.

அவளோடு ஒருமுறை கதைக்க விடுங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

ஆனாலும், ஜவாத்துக்கு எழுதுமுன் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

ச. தனஞ்சயன்


கொட்டாஞ்சேனை
09.09.2025

மதிப்பிற்குரிய சேர்,

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். யாருடையது என்று முதலில் சொல்லவில்லை. நாலாவது கேள்வி வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் சரியெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மற்ற முப்பத்தேழு பேருக்கும் சொன்னவரோ?" என்று கேட்டாள். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கு மட்டும் ரகசியமா எழுதியிருக்கிறார்" என்று எழும்பிப் போனாள். சமனிலி பற்றி நீங்கள் எழுதிய பகுதியைக் கேட்கவேயில்லை.

கதைப்பது சரிவராது சேர். உங்கள் பெயர் இருக்கிற எதையும் அவள் தொடமாட்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. வீட்டில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள். தயவுசெய்து இனிக் கடிதம் எழுதவேண்டாம். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

றஞ்சிதம்


வெள்ளவத்தை
14.09.2025

திருமதி றஞ்சிதம் அவர்களுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை கேட்டது நியாயம். ஜவாத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சேர், முடிஞ்ச கதைய ஏன் கிளறுறீங்க? பேரன்ட்ஸ்மார் மத்த மார்க்ஸையும் கேக்கத் தொடங்கினா நான் எங்க போற?" என்றார். கேட்கட்டும் என்றேன். பிறகு நிலையத்துக்கே போய் அவர் முன்னால் இருந்துகொண்டேன். நேற்று வகுப்புக் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் போட்டார்: மே எட்டு நாலாவது கேள்வியின் விடை பிழை, தாரிகா எழுதியதே சரி, பிழை தனஞ்சயனுடையது. கீழே ஒரு பெடியன் மட்டும் கைகூப்பும் படம் போட்டான், அன்று சிரித்தவனோ தெரியாது.

நான்கு நாளாக ஏழு தாள் எழுதினேன். சமனிலி மட்டும்தான். அவள் பெருக்கிவிடும் அந்த இடத்திலிருந்து தொடங்கி, அவள் அடையாளம் காணாதபடி வேறு கணக்குகளை வைத்துப் படிப்படியாகப் போகிறது. எங்கும் புள்ளி இல்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கேள்வி: இதில் எது இன்னும் தெளிவில்லை? பதில் எனக்கு வராது என்று தெரியும். அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளட்டும். வகுப்பில் எல்லாம் தட்டச்சில்தான் காட்டினேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாது. அம்மா வேலை செய்யும் கந்தோரில் யாரோ கொடுத்ததாக நினைத்தாலும் சரி.

இந்தக் கடிதத்தையும் கூட வைக்கத்தான் இருந்தேன். ஜவாத்திடம் போனதை நீங்களாவது அறியவேண்டும் என்று ஆசை. ஆனால் உறையைப் பிரிப்பது அவளாகவும் இருக்கலாம். என் பெயரைக் கண்டால் ஏழு தாளும் குப்பைக்குப் போகும். இது இங்கேயே இருக்கட்டும். நாளைக் காலை வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் அந்த ஏழு தாளை மட்டும் போடுகிறேன், பெயர் இல்லாமல்.