கொழும்புச் சூடு

2004 ஜனவரி 11, ஞாயிறு

இன்று ஒரு சின்ன வெற்றி. 166 வேகத்தில் ஓடும் என்று விற்கப்பட்ட பிராசசரை 200 வேகத்துக்கு ஏற்றிவிட்டேன். காலை ஆறு மணி, ஜன்னல் முழுக்கத் திறப்பு, மஸ்கெலியாப் பனி நேராகக் கம்பியூட்டர் பெட்டிக்குள். சூடு 51 பாகை. மத்தியானம் 60. அறுபத்து நான்கைத் தொட்டால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்ட விடக்கூடாது.

"கம்பியூட்டருக்குக் காத்து காட்டுறியா? எனக்கு நடுங்குதுடி, மூடு" என்றாள் அம்மா.

சாயங்காலம் அழகன் வந்து அதில் துப்பாக்கி கேம் விளையாடினார். அத்தை மகன். போன வருஷமே நிச்சயம் பண்ணியாகிவிட்டது. அவர் சுடும் வேகத்துக்கு முன்பெல்லாம் படம் பின்தங்கும். இன்று பின்தங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஜனவரி 25

மாலையில் எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் பெட்டி தானாக அணைகிறது. கரண்ட் இறங்குகிறது. வேறு பவர் சப்ளை மாட்ட வேண்டும்.

ஜனவரி 31

மாட்டினேன். இனி அணையாது.

பெப்ரவரி 8

அழகன் மூச்சு வாங்க வந்தார். மார்ச் 20 கொழும்பில் கேம் போட்டி. அவரவர் கட்டிய கம்பியூட்டரோடு போக வேண்டும். ஜெயிப்பவருக்குப் போட்டி நடத்தும் கடையிலேயே வேலை.

"வேல கெடச்சா ஆவணியில கல்யாணம் புள்ள. தேயில ஸ்டோருல மூட்டை தூக்குனது போதும். கொழும்புல ஒரு ரூம் எடுத்துக்குவோம்."

நானும் வரட்டுமா என்றேன். அவருடைய அம்மா, வீரம்மா அத்தை, முந்திக்கொண்டார். "தாலி கட்டாம ரெண்டு பேரும் கொழும்புக்கா? லயத்துல என்னா பேசுவாங்க?"

அழகன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அதற்குள்ளேயா இருந்தது?

பெப்ரவரி 24

நான் வேலை பார்க்கும் ஹட்டன் கம்பியூட்டர் கடைக்கு அழகன் வந்து, போட்டிப் படிவத்தைத் தந்து பேக்ஸ் பண்ணச் சொல்லிவிட்டுப் போனான். தாளை மெஷினில் வைக்கும்போதுதான் பார்த்தேன்.

கம்பியூட்டரைக் கட்டியவர் பெயர்: எஸ். அழகன்.

மூன்று வருஷம். கடையில் கழித்துப் போட்ட போர்டுகளை முதலாளி செல்லசாமியிடம் கெஞ்சி வாங்கி, மதர்போர்டில் வீங்கிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றி வேறு ஒட்டி, கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தாத விசிறியை அராவிப் பொருத்தி — விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அவனுக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியுமா?

அனுப்பினேன். வேறென்ன செய்வது.

சாயங்காலம் கேட்டேன். "பொம்பள பேரு போட்டா சிரிப்பானுங்க புள்ள. யாரு பேரு இருந்தா என்னா, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

ஒண்ணுதான்னா என் பேர போடுறதுக்கு என்னா? — அங்கே வாய் வரவில்லை. இந்தக் கொப்பியிடம்தான் கேட்கிறேன்.

மார்ச் 18

பெட்டியைக் கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டோம். நாளை ஹட்டனிலிருந்து ரயில்.

இங்கே மத்தியானத்திலேயே 60. கொழும்பில் 200 தாங்காது. 166-க்கு இறக்கிவிட்டால் போதும். படம் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் நிற்காது. இரண்டு நிமிஷ வேலை. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

வாசலில் நின்று கேட்டான். "வேற ஏதாச்சும் பாத்துக்கணுமா புள்ள?"

"ஒண்ணுமில்ல. சுவிட்ச போட்டா போதும்."



மார்ச் 20

கொழும்பில் 33 பாகை என்றது ரேடியோ. மண்டபத்தின் டெலிபோன் நம்பர் படிவத்தில் இருந்தது, மனப்பாடமாகவே இருக்கிறது. கடையில் போன் என் கைக்கெட்டும் தூரத்தில். பேசவில்லை.

மார்ச் 22

இரண்டாம் சுற்றிலேயே போய்விட்டது. மூன்று தடவை உறைந்ததாம். நாலாவது தடவை பெட்டி எழும்பவே இல்லை.

"மண்டபத்துல பேன் மட்டுந்தான். வெந்து போச்சு. நான் அடிக்கப் போறேன், படம் நிக்குது. சுத்தி நின்னு பாக்குறானுங்க. என்னாய்யா கட்டியிருக்கன்னு கேட்டாங்க. நான் கட்டலைங்க, மாமா மகதான் கட்டுனதுன்னு சொல்லிட்டேன்."

சிரித்தார்களாம்.

ஆக, தோற்ற பிறகு என் பெயரைச் சொல்லியாகிவிட்டது. ஜெயிப்பதற்கு ஆகாத பெயர், தோற்பதற்கு ஆகும்.

அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இவ கை பட்டதுல என் மகன் மானம் போச்சு." அம்மா கதவைச் சாத்தினாள். அழுதது அவள்தான். நான் அழவில்லை. சந்தோஷப்பட்டேனா? இல்லை. அதுவும் இல்லை.

ஏப்ரல் 4

சொல்லிவிட்டேன்.

நீர்த்தேக்கக் கரையில், கோவிலுக்குப் போய் வரும் வழியில். சூடு தாங்காது என்று போகும்போதே தெரியும், சொல்லாமல் விட்டேன் என்று.

அழகன் தண்ணீரையே பார்த்தார். பிறகு, "கேட்டேனே புள்ள. போறப்ப கேட்டேனே" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் படிவத்துப் பேச்சை இழுத்திருப்பேன். வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே தரவில்லை. நான் செய்தது சரிதான்னு ஒரு வாட்டியாச்சும் நெனைக்க விட்டிருக்கலாம்ல.

தனித்தனியாகத் திரும்பினோம்.

ஏப்ரல் 25

அத்தை வந்து நிச்சய மோதிரத்தைக் கேட்டார். விரலில் இறுகிக் கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கழற்றிக் கொடுத்தேன். துடைத்துக்கூடக் கொடுக்கவில்லை.

ஆவணியில் உடுத்த அம்மா எடுத்து வைத்திருந்த சேலை துணிப்பெட்டியின் அடிக்குப் போய்விட்டது.

ஜூன் 13

அழகன் ஏஜென்ட் மூலம் வெளிநாடு போய்விட்டாராம். எந்த நாடு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் விசாரிக்கவில்லை. யாரிடம் விசாரிப்பது?

ஜூலை 18

பெட்டியைப் பிரித்தேன். பிராசசர் கருகியிருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. ரேம் வேறொருவர் கம்பியூட்டருக்கு. கிராபிக்ஸ் கார்ட் கண்டியில் ஒருவருக்கு. வெறும் கூட்டை அம்மா அடுப்படியில் வைத்து வெங்காயம் போட்டிருக்கிறாள்.

2005 மே 10

முதலாளி கண்டியில் இன்னொரு கடை திறக்கிறார். "ஹட்டன் கடைய நீயே பாத்துக்கம்மா, ஒன்னவிட வேல தெரிஞ்சவங்க இல்ல" என்று சாவியைக் கொடுத்தார். தலையாட்டினேன். யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடையைக் கூட்டினேன்.

2005 ஜூலை 5

காலை பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலி. வீரம்மா அத்தைக்குப் பக்கத்தில். என்னைக் கண்டதும் மடியிலிருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். ஹட்டன் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதி வழியில் ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தார். படிக்கத் தெரியாது அவருக்கு. எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கையெழுத்து, அந்தப் படிவத்தில் இருந்த அதே கையெழுத்து. யாரையாவது படிக்கச் சொல்ல வேண்டும் போல ஒரு தடவை நிமிர்ந்தார். நான் எட்டிவிடும் தூரத்தில் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.