அப்பாவுக்கு அனுப்பிய பனியன்

கல்மண்டபம்,
14.11.2025, வெள்ளி, பிற்பகல்

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. எழுதி என்ன, எங்கள் சுகம் எங்களைவிட உனக்குத்தானே முதலில் தெரிகிறது. நீ அங்கே சுகமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லும் துணி என்னிடம் இல்லை.

போன் அப்பா தலைமாட்டில் இருக்கிறது, அவர் கேட்கக்கூடாது என்றுதான் எழுதிக் கூரியரில் போடுகிறேன். போன மாதம் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மறுபடியும் நெஞ்சுதான். அவர் இதயத் துடிப்பை உனக்குக் காட்ட வெள்ளி இழை வைத்து உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நெய்தாயே, அந்தப் பனியன் அன்று துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் பக்கத்து வீட்டு ரஷீதைக் கூப்பிட்டு, பாப்பா பேஜாராயிடும்டா தோஸ்து, நான் வூட்டுக்கு வர்ற வரைக்கும் நீ அத்த மாட்டிக்கினு திரி என்றார். காசிமேட்டில் ஐஸ் பாளத்தைத் தோளில் சுமக்கிற மனுஷன், இன்னா மாமு, மீன் கவுச்சி அங்க வரைக்கும் போவாதா என்று சிரித்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. அப்பா இதயம் இதுவரை இல்லாத அளவு நன்றாக இருக்கிறது, வாக்கிங் போகிறாரா, சூப்பர் என்று. கட்டைவிரல் படம் வேறு. கஞ்சிகூட இறங்காத நேரத்தில் அதை நர்ஸ் முதற்கொண்டு எல்லோருக்கும் காட்டினார், என் பொண்ணு எம்மேல கண்ணு வச்சினே கீது பாரு என்று. துணியை நான் குறை சொல்லவில்லை, யார் போட்டிருக்கிறாரோ அவரைச் சொல்கிறது. அது வருவதற்கு முன்னால் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாய், மாத்திரை போட்டாரா, யாரோடு சண்டை போட்டார் என்று கேட்பாய். வந்த பிறகு கேட்பது நின்றுபோனது. ஒரே ஒரு முறை அப்பாவிடம் கொடு என்று சொல்லியிருந்தால் எங்கள் பொய் அங்கேயே உடைந்திருக்கும், அவருக்குப் பொய் சொல்லும் குரல் கிடையாது. உங்கள் ஆராய்ச்சிக் கூட்டத்தில் அப்பாவின் துடிப்பைப் படமாகக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். காட்டாதே, அது ரஷீதுடையது.

டிசம்பர் இரண்டாவது செவ்வாய் பைபாஸ் வைத்திருக்கிறார்கள். உனக்குச் சொல்லமாட்டேன் என்று அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் எதுவும் வாங்கிவராதே.

குளிரில் வெறுங்கழுத்தோடு திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாயிரு மகளே, அதை மனதாரத்தான் சொல்கிறேன். ஒன்று மறந்துவிட்டேன். ரஷீது பனியனைத் துவைத்துக் கொடுத்துவிட்டார், இதை எழுதும்போது ஜாக்கெட்டுக்கு உள்ளே நான்தான் போட்டிருக்கிறேன். மேலே தேதி இருக்கிறது. அப்பா என்று நினைத்து அன்றைக்கு என்ன குறித்து வைத்திருக்கிறாய் என்று எடுத்துப் பார்.

உன் அம்மா,
மாயா