பாஞ்சாலை பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம்

ரிங்லெட்,
16.3.1986

அன்புத் தம்பி அகஸ்டினுக்கு,

அக்கா ரீட்டா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. போன வாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினோம். எல்லாரும் நலம் என்று எழுதலாமென்றால் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. யாரும் சொல்லித்தராமல் அந்தக் கம்ப்யூட்டர் பாஷை பேசிக்கை நீயாகவே படித்து முடித்துவிட்டாய். அடுத்து கோபோல் படிப்பதா பாஸ்கல் படிப்பதா என்று தூக்கம் வராமல் புரள்கிறாய். கோபோல் என்றால் கோலாலம்பூர் பேங்கில் வேலை, பாஸ்கல் என்றால் மூளை கூர்மையாகுமாம். எதுவானாலும் நம் தோட்டத்துத் துரையிடம் ஒரு நற்சான்று வாங்கி அனுப்பச் சொல்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிடிக்காமல் என்ன? அதை வைத்துத்தானே எங்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

துரை உன்னிடம் கேட்டது என்ன? ஒவ்வொருத்தியும் பறித்த தேயிலைக் கொழுந்தின் எடையைக் கூட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நீ அதோடு விட்டாயா? புத்தகத்தில் புதிதாக எதையோ படித்துவிட்டு, அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை உனக்கு. எடையை அவள் மலையில் நின்ற நேரத்தால் வகுத்து, மற்றவர்களைவிட யாருக்காவது அதிகமாக வந்தால் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம் அச்சாக வைத்தாய். எதற்கடா இது என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு அழகுக்குத்தான்க்கா" என்றாய்.

அந்த அழகு இப்போது பாஞ்சாலை பெயருக்கு எதிரே விழுந்திருக்கிறது. கைப்பிள்ளைக்காரி. பால் கொடுக்க, பிள்ளையை விட்டிருக்கும் ஆயாக்கொட்டகைக்கு இறங்கிப் போய்வருகிறாள். எங்களை மேய்க்கும் மண்டோர் அந்த நேரத்தைக் கழித்துத்தான் எழுதுகிறார். ஆனால் எடை மட்டும் குறைவதில்லை. லயத்து வீட்டில் வளர்ந்த உனக்கு ஏன் என்று தெரியாதா? தராசுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு கை கொழுந்து அவள் கூடையில் போடுகிறோம். அவள் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. மண்டோர் அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் பற்றவைப்பார்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ராஜநாயகம் அவளைக் கூப்பிட்டு, "நீ மட்டும் எப்படிம்மா கொஞ்ச நேரத்துல இவ்ளோ எடுக்குறே, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா" என்றாராம். அவள் எங்களைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். துரை அதைத் திருட்டு என்று எழுதிவிட்டார். இன்னொரு நட்சத்திரம் விழுந்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். நாங்கள் கொழுந்து போட்டால் நட்சத்திரம், போடாவிட்டால் எடை குறைந்து அரை நாள் சம்பளம். பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? யூனியன்காரரிடம் போனோம். கம்ப்யூட்டர் சமாச்சாரம் தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

துரை மேல் வராத கோபம் எனக்கு உன் மேல் வருகிறது. அவர் வெளியிலிருந்து வந்தவர். நீ அந்தக் கொட்டகைத் தொட்டிலில் கிடந்தவன். உனக்குப் பால் கொடுத்துவிட்டு அம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வருவாள். அவள் கூடையில் முதல் கை கொழுந்து போட்டது பாஞ்சாலையின் அம்மா காளியம்மாதான். நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அன்றைக்கே வந்திருந்தால் முதல் நட்சத்திரம் நம் அம்மாவுக்குத்தான் விழுந்திருக்கும்.

நற்சான்று நான் வாங்கித் தர மாட்டேன். அடுத்து எதைப் படிக்கலாம் என்று ஆறாம் வகுப்போடு நின்றுபோன என்னைக் கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட உனக்கு ஒரு நிமிஷம் போதும் என்று எனக்குத் தெரியும். துரை கேட்காததைக்கூடச் செய்து கொடுக்கப் படித்திருக்கிறாய். அவர் முன்னால் நின்று, நான் போட்ட கணக்கு தப்பு என்று சொல்ல நீ இன்னும் படிக்கவில்லை. முதலில் அதைப் படி. கோபோலும் பாஸ்கலும் எங்கும் ஓடிப்போகாது.

நேற்று துரையே தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒருத்தியும் பாஞ்சாலை கூடைப் பக்கம் போகவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்க்கப் பார்க்க என் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அதில் போட்டேன். அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பா இருமிக்கொண்டு படுத்திருக்கும் இந்த வீடு என் வேலைக்குக் கொடுத்த வீடு என்பதை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

சனிக்கிழமை தாப்பாவில் இறங்கி மலைக்கு வரும் பஸ்ஸைப் பிடி. குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். ஆண்டவர் உனக்கு மூளையைக் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறார். துரை முன்னால் திறக்க ஒரு வாயையும் கொடுக்கட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ரீட்டா