நண்பனிடம் நல்லவன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாங்கள் தினமும் பார்க்கும் சீரியலில் ஒரு முரடன் வருகிறான். நண்பன் அதட்டினால் தலைகுனிந்து சிரிப்பான். காதலியை மட்டும் வாய் திறக்கவிட மாட்டான். நேற்று அவளுடைய போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான்.

“சேக்காளிகிட்ட மட்டும் இவன் எப்படி இவ்வளவு நல்லவனா இருக்கான்?” என்று கேட்டுவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை டிவியை அணைத்தார். “யாரச் சொல்ற?” என்றார். சத்தமே போடவில்லை.

“அவனத்தான் சொன்னேன். நீங்க ஏன் எந்திரிக்கிறீக?”

வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் போனும் இப்போது அவரிடம்தான். இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு சினேகாவிடம் கொடுக்கிறேன். தபாலில் சேர்த்துவிடுவாள்.

“காலேஜ்லருந்து பழகுறேன், தங்கமான பய” என்று சொல்லித்தான் அவருக்கு என்னைக் கட்டிவைத்தீர்கள். அது பொய்யில்லை அண்ணே. உங்களிடம் அவர் அப்படித்தான்.

வருவதாக அவருக்குப் போன் செய்ய வேண்டாம். நேரே செக்காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கட்டிப்பிடிப்பார். அப்போது அவரைப் பார்க்காதீர்கள், என் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் தங்கை