சேலைக்கூலிக்குப் பதில் அரிசி

கலாவதி,

சேலை மூட்டையோடு வேலூர் போகிறேன், இருட்டித்தான் வருவேன். குழம்பு வைத்துவிட்டேன், சோறு மட்டும் நீ வடி.

இன்று உங்கப்பா வருவார். நாங்கள் பிரிந்தபோது, உன் செலவுக்கு மாதம் ஒரு சேலையின் நெசவுக்கூலி என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மனிதர் தறியை விட்டுவிட்டு வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தைக்கப் போய்விட்டார். "தறியே இல்லமா, சேலைக்கூலி எங்கேர்ந்து வரும்?" என்று போன மாதம் என்னையே கேட்கிறார். வாய்தா சொல்வதில், எங்கள் அப்பா கடையில் கடன் வைத்தவர்களையெல்லாம் இவர் மிஞ்சிவிட்டார்.

"தறி நின்னுபோச்சு சரி, பொண்ணுக்குப் பசி நிக்கலையே. அரிசியா குடு" என்றேன். மாதம் ஒரு மூட்டை கேட்டு, அரை மூட்டைக்கு இறங்கி வந்தேன். என் மனதில் இருந்ததே அரை மூட்டைதான். அதை அவரிடம் சொல்லிவிடாதே.

அரிசியை நம் படியால் அளந்து வாங்கு. அதிலேயே வடித்து அவருக்கும் போடு. பெற்ற பெண்ணுக்கு என்ன கொடுக்கிறோம் என்று தின்று பார்க்கட்டும்.

அம்மா

மறந்துவிட்டேன். அவர் கொண்டுவருவது எப்படியும் மில்லில் உடைந்த நொய்யாகத்தான் இருக்கும். அவருக்கு நொய் ஒத்துக்கொள்ளாது. நம் பானை அரிசியையே வடி. கேட்டால், "நீ கொண்டாந்த அரிசிதாம்பா" என்று சொல்லிவிடு.