கொடி நின்ற இடம்

கருணாபுரம், கள்ளக்குறிச்சி
14.9.2025

தம்பி மார்ட்டினுக்கு,

அக்கா உபகாரமேரி எழுதுவது. நானும் ஷைனியும் நலம். உன் நலத்தைக் கேட்க மனசு வரவில்லை, அதனால் கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் கட் பண்ணிவிட்டு, குவைத்தில் சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் நம் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நானும் சைக்கிளில் போய்வந்தேன். உன் மாமாவின் சைக்கிள்தான். பதினேழு ஆம்பளைகள், நான் ஒருத்தி. நாற்பத்தொரு வயசில் இவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை என்று தெருவில் கேட்டார்கள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாசம் பழகினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறுவேன். முதல் வாரம் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினேன். ஆடி முடிவதற்குள் வெள்ளிமலை வரை இறங்காமல் மிதித்தேன். மேலே குளிர்ந்த காற்று, கீழே அணைத் தண்ணீர், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உன் மாமா ஒவ்வொரு வருஷமும் அங்கே பழகிவிட்டு வந்து இதைப் பற்றியே பேசுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டுவேன்.

போன வருஷம் வேளாங்கண்ணிப் பயணத்தில் மாமா செத்ததைப் பற்றி நீ சொன்ன கதை எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. பூம்புகார் தாண்டியதும் மாமா எங்கேயோ நழுவிப் போனார் என்றாய். ‘குடிச்சிட்டு ரோட்டோரம் வுழுந்துட்டாருக்கா, நான் இன்னா பண்ணுவேன்’ என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் எங்கள் தெருவில் சாராயத்துக்கு அத்தனை பேரைப் பறிகொடுத்தோம். கருணாபுரத்து ஆம்பளை ரோட்டில் செத்துக் கிடந்தான் என்றால் கேட்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் அண்ணனை எடுத்த அன்றைக்கே குடியை விட்ட மனுஷன் அவர். அதற்கு நன்றி சொல்லத்தான் அந்தப் பயணமே கிளம்பினார். அது தெரிந்தும் நான் உன்னை நம்பினேன், தம்பியாச்சே என்று. முப்பதாம் நாள் பூசைகூட வைக்கவில்லை. ஷைனியைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்றார்கள். அவள் அழுதபோது அதட்டி உட்காரவைத்தவள் நான்.

வைகாசியில் நம் கூட்டத்துப் பிரிட்டோ உன் கல்யாணப் பேச்சுக்காக வீட்டுக்கு வந்திருந்தான். தங்கை மெர்லினை உனக்குக் கொடுப்பதில் அவனுக்கு ரொம்ப சந்தோஷம். உன்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, ‘போன வருஷம் மார்ட்டின் சைக்கிள்ல கட்டிக்கினு போன மாதா கொடி ஒரு எடத்துலயும் நிக்கலக்கா. பூம்புகார் தாண்டியும் அவனும் மாமாவும் எங்களுக்கு ஒரு மைல் முன்னாடி போய்க்கினு இருந்தாங்க’ என்றான். அப்படியானால் கடைசிவரை அவர் உன் பின்னால்தானே வந்திருக்கிறார். எப்போது நழுவினார், எப்போது குடித்தார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சைக்கிளை எடுத்தேன்.

நம் கூட்டத்து வழக்கத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நீ. மாதா கொடியை சைக்கிளில் கட்டியவன் தங்குமிடம் வரும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் கொடியை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். கோயில் வாசல்வரை கொண்டுபோனவன்தான் அடுத்த வருஷத்துக்குத் தலைவன். அப்படிப் பார்த்தால் இந்த வருஷத் தலைவன் நீ. நீ குவைத்தில் இருப்பதால் கொடி உன் வீட்டுக்கு உரியது என்று சண்டை போட்டு வாங்கி நான் என் சைக்கிளில் கட்டினேன்.

கடலூர் வரை வெயிலில் கால் வெந்துபோனது. இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் பூம்புகாரைத் தாண்டியதும் இடது பக்கம் கடல் கூடவே வர ஆரம்பித்தது. எதிர்க்காற்று தள்ளியது. படகுகளும் அலையும் வெயிலும், கண்ணை எடுக்க முடியாத அழகு. இதைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். தரங்கம்பாடிக்கு முன்னால் கருவாடு காயவைக்கும் திடல் இருக்கிறதே, அவர் உடலைக் கொண்டுவந்த வேன் டிரைவர் சொன்ன இடம், அங்கே பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். பின்னால் வந்த பதினேழு பேரும் ‘இன்னாக்கா, இன்னாக்கா’ என்று பதறி நின்றார்கள்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். பெயர் ராஜாம்பாள். செயின் கார்டில் எழுதியிருந்த ஷைனி பெயரைத் தடவிப் பார்த்து, இது அந்த ஐயா சைக்கிளாச்சே என்றார். எல்லோர் எதிரிலும் சொன்னார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ‘மார்ட்டின், கொஞ்சம் நில்லுப்பா’ என்று கூப்பிட்டாராம். நீ திரும்பி வந்தாயாம். வந்து காலை ஊன்றாமல் அவரை இரண்டு சுற்று சுற்றினாயாம். ‘கொடி நிக்கக் கூடாது மாமா, பஸ் புடிச்சி வந்துடு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாயாம். அந்த அம்மாவும் அவர் மகனும்தான் தூக்கிப் போய்க் கொட்டகை நிழலில் படுக்கவைத்திருக்கிறார்கள். அதனால்தான் பின்னால் போனவர்கள் கண்ணில் படவில்லை. வாயில் ஒரு வாடை இல்லை, தண்ணீர்தான் கேட்டார், அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டார் என்று அந்த அம்மா சொல்லி அழுதார். நான் அழவில்லை. கொடியை அவிழ்த்து அந்த மணலில் நட்டேன். ஒருத்தனும் அதை எடுக்கவில்லை.

பிரிட்டோ அங்கேயே நின்று சின்னசேலத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போன் போட்டான். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று மெர்லின் அப்பா குதித்தார். நான்தான் வேண்டாம் என்றேன். நிறுத்தினால் நீ குவைத்திலேயே இருந்துவிடுவாய். நீ இங்கே வர வேண்டும். மெர்லினோ, ‘அவரு வாயால சொல்லட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய். பொங்கலுக்குப் பிறகு கல்யாணம் என்பதால் அதற்குள் மூன்று ஞாயிறு நம் கோயிலில் உன் கல்யாண ஓலையை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று தடவை கேட்பார். முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் நான் வாயைத் திறக்க மாட்டேன், உன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் ஞாயிறு நீயே எழுந்து, என் மாமா தைரியநாதன் குடிக்கவில்லை, நான்தான் விட்டுவிட்டுப் போனேன் என்று மைக்கில் சொல். நீ எழவில்லை என்றால் நான் எழுவேன். ராஜாம்பாள் அம்மாவும் என் பக்கத்தில் இருப்பார், வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். தப்பி ஓட நினைக்காதே, அம்மா வயிற்றில் பிறந்தவனை நான் எங்கேயும் வந்து பிடிப்பேன்.

வேளாங்கண்ணியில் உனக்காகத்தான் மெழுகுவத்தி ஏற்றினேன். உனக்கு ஒரு நோயும் வரக் கூடாது, நெஞ்சில் ஒரு வலியும் வரக் கூடாது, தொண்ணூறு வயசு வரை நல்ல ஞாபகத்தோடு நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று மண்டியிட்டுக் கேட்டேன். மாதா எனக்கு இதை மறுக்க மாட்டாள்.

இப்படிக்கு,
தைரியநாதன் மனைவி
உபகாரமேரி